போகச் சொன்னது தொப்பிக்காரனை

எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் சண்டை என்றால் பேச்சு நின்றுபோகாது. நேராகப் பேசுவதுதான் நிற்கும். எங்கள் ஒரே மகளை நடுவில் நிறுத்திக்கொண்டு எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவிடுவோம்.

"உங்கப்பாவ சாப்புட வரச் சொல்லு பாப்பா" என்று நான் அடுப்படியிலிருந்து சொல்வேன். அவர் கூடத்தில் கைக்கெட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பார். காது நன்றாகவே கேட்கும். இருந்தாலும் பாப்பா போய், "அப்பா, அம்மா சாப்புட கூப்புடறாங்க" என்று சொன்னால்தான் எழுந்திருப்பார்.

"என்ன கொழம்புன்னு கேளு."

"கத்திரிக்கா கொழம்பு. வேணுன்னா திங்கச் சொல்லு."

பாப்பா அதை, "உங்களுக்குப் புடிக்குமேன்னு கத்திரிக்கா கொழம்பு வச்சிருக்காங்களாம்ப்பா" என்று மாற்றிக் கொண்டுபோய்க் கொடுப்பாள். சரக்கு ஒன்றுதான், பொட்டலம் வேறு. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் குடித்தனம் இப்படித்தான் ஓடுகிறது. பிள்ளை இல்லாத வீட்டில் சுவரிடம் சொல்வார்கள், ஆட்டுக்குட்டியிடம் சொல்வார்கள். ஜாடை பேச்சு என்று அதற்குப் பெயரே இருக்கிறது. இதைக் குறை என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

எங்கள் வீடு அரியலூரில். முன்னறையில் நான் ஜாக்கெட் தைக்கிறேன். அவர் சிமெண்ட் ஆலையில் ஒரு காண்ட்ராக்டரிடம் ஃபிட்டர். பாப்பா போன வருடம் திருச்சியில் கல்லூரி ஹாஸ்டலுக்குப் போனாள். அதன் பிறகு வந்த முதல் பெரிய சண்டையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அது பெரம்பலூரில், என் நாத்தனார் மகளின் வளைகாப்பில் ஆரம்பித்தது. நான் அந்தப் பெண்ணின் கன்னத்தில் சந்தனம் பூசிக்கொண்டிருந்தேன். சுற்றிலும் சொந்தக்காரப் பெண்கள். அந்த நேரம் பார்த்து நாத்தனார் சொல்கிறாள்: "ஏன் அண்ணி, அண்ணன் வடக்க ரெண்டு வருசம் வேலைக்குப் போவுதாமே. நீங்க ஒண்டியா எப்புடி இருப்பீங்க?"

எனக்குத் தெரியாது. கட்டியவளுக்குத் தெரியாத சேதி தங்கச்சிக்குத் தெரிந்திருக்கிறது, தங்கச்சி மூலமாகப் பந்தியில் இலை போடுகிறவன் வரைக்கும் தெரிந்திருக்கிறது. கையெல்லாம் சந்தனத்தோடு, "ஆமா, போவட்டுமே, நல்ல சான்ஸுதானே" என்று பல்லைக் காட்டிக்கொண்டு சொன்னேன் பாருங்கள், அந்தச் சிரிப்பு என் முகத்தைவிட்டுப் போக மறுநாள் ஆனது.

பஸ்ஸில் வரும்போது நான் ஜன்னலைப் பார்த்தேன், அவர் கண்டக்டரைப் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் மின்விசிறியைப் பார்த்து, "கேட்டாங்க, சரின்னு தலையாட்டி வச்சேன். முடிவா ஒண்ணும் சொல்லல" என்றார். நான் மின்விசிறி இல்லை, பதில் சொல்லவில்லை. காண்ட்ராக்டர் அதற்கு அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூருக்கு வருவார், போகிறவர்கள் அன்றைக்குத் தன்னிடம் வந்து முடிவாகச் சொல்ல வேண்டும் என்று பிறகு பாப்பா மூலமாகத் தெரிந்துகொண்டேன்.

அவர் போகக் கூடாது. அதில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. அந்த மனிதர் இல்லாத வீட்டில் ரெண்டு வருடம் தையல் மிஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு என்னால் இருக்க முடியாது. ஆனால் 'போகாதீங்க' என்று நானாகப் போய்ச் சொல்வதாவது! என்னைக் கேட்காமல் தலையாட்டியவர், முதலில் என்னைக் கேட்கட்டும். நான் தா.பழூர்க்காரி. எங்கள் ஊர் வயலில் நெல்லுக்கு அடுத்தபடியாக நன்றாக விளைவது வீம்பு.

நடுவில் நிற்க ஆள் வேண்டுமே. திருச்சிக்குப் போன் போட்டேன். "பாப்பா, கேஸ் தீந்துபோச்சு, புக் பண்ணச் சொல்லு உங்கப்பாவ." அடுத்த நிமிடம் கூடத்தில் அவருடைய போன் அடிக்கும். "ம்... ம்... பண்றேன்னு சொல்லு." மறுபடியும் என் போன் அடிக்கும். பக்கத்து அறைக்குப் போக வேண்டிய பேச்சு திருச்சி போய்த் திரும்பி வந்தது. பிள்ளை மூன்று நாள் பொறுத்துப் பார்த்தாள்.

"அம்மா, எனக்கு இன்டர்னல் டெஸ்ட் இருக்கு. நீங்க ரெண்டு பேரும் ஒரே வூட்லதானே இருக்கீங்க? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க? இனிமே நான் எடுக்கவே மாட்டேன்" என்று வைத்துவிட்டாள். சொன்னபடியே எடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் நிலவிய அமைதி இருக்கிறதே, எழவு வீட்டில்கூட அப்படி இருக்காது. அதைத் தாங்க முடியாமல்தான் டிவியைப் போட்டேன். தீபாவளி லீவில் பாப்பா பார்த்துப் பாதியில் விட்ட படம் ஒன்று முதலில் வந்து நின்றது. கறுப்பு வெள்ளை. ஹாலிவுட்காரர்கள் என் அம்மா பிறப்பதற்கு முன்னால் எடுத்த காதல் படம். யாரோ புண்ணியவான் தமிழில் குரல் கொடுத்துப் போட்டிருந்தான். மாற்றிவிடலாம் என்று ரிமோட்டைத் தேடினேன். மடியில் கொக்கி வைக்க வேண்டிய ஜாக்கெட் குவிந்துகிடந்தது, ரிமோட் அதற்கடியில் எங்கேயோ மாட்டிக்கொண்டது. சரி, ஓடட்டும் என்று விட்டேன்.

கதை ஒன்றும் பிரமாதமில்லை. டிராமில் யாரோ விட்டுவிட்டுப் போன குடை. ஆபீஸில் டைப் அடிக்கிற ஒரு பெண் என்னுடையது என்கிறாள். பேண்டு கோஷ்டியில் மேளம் வாசிக்கிற ஒருவன் என்னுடையது என்கிறான். ரெண்டு பேரும் பொய்தான் சொல்கிறார்கள். காலையில் உனக்கு, சாயங்காலம் எனக்கு என்று பாகம் பிரித்துக்கொள்கிறார்கள். குடை கை மாறும்போதெல்லாம் சண்டை. இவள் ஒன்று சொன்னால் அவன் ரெண்டு சொல்கிறான். போகப் போக, மழையே இல்லாத நாளிலும் ரெண்டு பேரும் குடை கொடுக்க வந்து நிற்கிறார்கள். இதற்குப் பெயர்தான் கதை. ஆனால் ஊசியில் நூலைக் கோத்தபடியே விட்டுவிட்டு வாயைத் திறந்துகொண்டு பார்த்தேன். அவர் எப்போது வந்து பின்னால் நாற்காலியில் உட்கார்ந்தார் என்றே தெரியவில்லை.

எத்தனையோ படம் வருகிறது, போகிறது. இந்தப் பழசு ஏன் இப்படிப் பிடித்துக்கொள்கிறது என்று பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். அந்தப் பெண் போடுகிற கையுறையை நான் போட்டதில்லை, அந்த ஊரில் விழுகிற பனியை நான் பார்த்ததில்லை. ஆனால் ஆசையை மறைக்க அவள் திட்டுகிற திட்டு எனக்குத் தெரிந்த திட்டு. அந்தப் படத்தில் யாரும் யாரையும் அடிப்பதில்லை, கொல்வதில்லை. ஒரே ஒரு வார்த்தையைச் சொல்ல முடியாமல் ரெண்டு நல்ல மனுஷர்கள் திண்டாடுகிறார்கள். அந்தத் திண்டாட்டம் எந்தக் காலத்தில் பழசாகும்?

அதிலிருந்து தினமும் சாயங்காலம் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்தோம். மூன்றாவது சாயங்காலம் அந்த மேளக்காரனுக்கு வேறு ஊரில் வேலை வந்துவிட்டது. அவள் வாசலுக்கு வந்து தொப்பியைத் தூக்கி, "வரேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறான். அவள் கதவைச் சாத்திக்கொண்டு தேம்பித் தேம்பி அழுகிறாள்.

எனக்குப் புரியவில்லை. "அதான் வரேன்னு சொல்லிட்டுத்தானே போறான், எதுக்குடி இந்த ஒப்பாரி?" என்று டிவியைக் கேட்டேன்.

பின்னாலிருந்து குரல் வந்தது. அவரும் டிவியிடம்தான் சொன்னார். "இங்கிலீஷ்ல அவன் போறேன்னுதான் சொல்லியிருப்பான். கொரல் குடுத்தவன் நம்மாளு. போறேன்னு சொல்ல வாய் வராம வரேன்னு மாத்திட்டான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆமாம், நம் வீடுகளில் எந்த மடையனாவது வாசலில் நின்று 'போறேன்' என்பானா? உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "போறவன் என்ன சொன்னா என்ன? போறதுக்கு முன்னாடி அவள ஒரு வார்த்தை கேட்டானா? ஊர்ல எல்லாருக்கும் சொன்னான்ல?" என்றேன் டிவியிடம்.

பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. "அவ ஒரு வார்த்தை இருன்னு சொல்லியிருந்தா அவன் ஏன் போறான்?"

"கேக்காம எப்புடி சொல்லுவா?"

"சொல்லாம எப்புடி கேப்பான்?"

அடடா, எவ்வளவு நாளைக்குப் பிறகு! பாப்பா வெட்டி ஒட்டிச் சொல்லாமல், அவர் குரல் அவர் குரலாகவே என் காதில் விழுந்தது. அந்தக் குடைக்காரர்கள் எங்கள் வீட்டுக்குள் வந்து பிள்ளை விட்டுப்போன இடத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். அவன் என்றால் இவர், அவள் என்றால் நான். ரெண்டு பேருக்கும் தெரியும், ரெண்டு பேரும் தெரியாத மாதிரி இருந்தோம். வெள்ளிக்கிழமை அவர் டிவியிடம், "அவனுக்கும் போக ஆசையாவா இருக்கும்?" என்று கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிடலாம் என்று மனசுக்குள் ஒரு கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மிச்சப் படத்தைப் போட்டோம். மேளக்காரன் தன் அறையில் ரயிலுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். தொட்டியில் தண்ணீர் இல்லையென்று இவர் மோட்டார் போடக் கொல்லைப்பக்கம் போனார். அவர் போன பிறகு காட்சி மாறிவிட்டது. அந்தப் பெண்ணையே சுற்றிச் சுற்றி வரும் பணக்காரன் ஒருவன் உண்டு, அடுக்குப்பானை உயரத்துக்கு ஒரு தொப்பி, எறும்பு ஊர்கிற மாதிரி மீசை. அவன் மோதிரத்தை நீட்டி, "நீ சம்மதிக்காவிட்டால் இந்த ஊரைவிட்டே போய்விடுவேன்" என்று மிரட்டுகிறான்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! கொக்கியிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னேன்: "போறதுன்னா போயித் தொலையட்டுமே. இவன் இருந்து யாருக்கு என்ன ஆவப்போவுது? பீடை வுட்டுதுன்னு நிம்மதியா இருப்பா."

பின்னால் சட்டையை உதறுகிற சத்தம் கேட்டது. வண்டியைக் கிளப்புகிற சத்தமும் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆயிற்றே, கறி எடுக்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

படம் முடிந்தது. நல்லபடியாக முடிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் வந்ததும் டிவியைச் சாட்சி வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று திரும்பினேன். கறி வாங்கப் போகிற வயர்கூடை ஆணியிலேயே தொங்கியது. டிவி பக்கத்தில் அவர் வைத்திருந்த உறையைக் காணோம். காண்ட்ராக்டர் கேட்டிருந்த போட்டோவும் ஆதார் நகலும் அதில்தான் இருந்தன.

எனக்குப் பொறி கலங்கிப்போனது. வாரம் முழுக்க 'அவன்' என்று சொன்னதெல்லாம் அவரை. இந்த ஒரு தடவை, உண்மையிலேயே படத்தில் இருந்தவனைச் சொன்னேன். கொல்லைப்பக்கத்திலிருந்து வந்த மனுஷனுக்கு ஆள் மாறியது எப்படித் தெரியும்? டிவியைக்கூடப் பார்த்திருக்க மாட்டார், என் வாயைத்தான் பார்த்திருப்பார். போனைப் போட்டேன். அது அடுப்படி மேடையில் சார்ஜில் கிடந்து பாடியது.

கட்டியிருந்த புடவையோடு, கழுத்தில் இஞ்சு டேப்போடு பஸ் ஏறினேன். டேப் கழுத்தில் கிடப்பதைக் குன்னம் தாண்டும்போது பக்கத்தில் இருந்த அம்மா சொல்லித்தான் பார்த்தேன். அன்றைக்கென்று பஸ் கைகாட்டிய இடமெல்லாம் நின்றது. சின்ன வெங்காய மூட்டை ஏற்றினார்கள், அதை இறக்கினார்கள். "கொஞ்சம் ஓட்டுங்களேன் சார், புண்ணியமாப் போவும்" என்று கெஞ்சினேன். "ஆஸ்பத்திரிக்காம்மா?" என்று கேட்டார் கண்டக்டர். என்ன சொல்வது? ஆமாம் என்று தலையாட்டினேன்.

பெரம்பலூர் நான்கு ரோட்டில் இறங்கி, ஓட்டமும் நடையுமாகக் காண்ட்ராக்டர் ஆபீஸுக்குப் போனேன். வாசலில் பத்திருபது ஆண்கள். பெஞ்சின் ஓரத்தில் உறையை மடியில் வைத்துக்கொண்டு இவர் உட்கார்ந்திருந்தார். மேசைக்குப் பின்னால் காண்ட்ராக்டர். பஸ்ஸில் வரும்போது எத்தனையோ யோசித்து வைத்திருந்தேன். 'என்னங்க, கொஞ்சம் வெளிய வாங்க' என்று மரியாதையாகக் கூப்பிட வேண்டும் என்றெல்லாம். வாயில் வந்தது வேறு.

"நான் உங்களச் சொல்லலங்க! அந்த நெட்டைத் தொப்பிக்காரனச் சொன்னேன்!"

ஆபீஸே திரும்பிப் பார்த்தது. தொப்பிக்காரன் யார் என்று ஒவ்வொருவரும் அடுத்தவன் தலையைப் பார்த்தார்கள். மேஸ்திரி ஒருவர் தன் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார், பாவம்.

"அவந்தாங்க, மோதிரத்த நீட்டுனான்ல, அவன். நீங்க மோட்டார் போடப் போனீங்க, அதுக்குள்ள அவன் வந்துட்டான்."

"யாரும்மா வூட்டுக்கு வந்தது?" என்று காண்ட்ராக்டர் எழுந்தேவிட்டார்.

"படத்துலங்க சார்" என்றார் என் வீட்டுக்காரர். முகத்தில் ஈயாடவில்லை. என்னைப் பார்த்தார், கழுத்து டேப்பைப் பார்த்தார். சுவரைப் பார்க்கவில்லை, மின்விசிறியைப் பார்க்கவில்லை. "சரி, வா. டீ குடிக்கலாம்" என்றார்.

எதிர்ச்சாரியில் டீக்கடை. "சொல்லிட்டீங்களா?" என்று கேட்டேன். எனக்கு அந்த ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது.

"இல்ல. எனக்கு முன்னாடி வந்தவங்க பேசட்டும்னு உக்காந்திருந்தேன்."

"எவ்வளவு நேரமா?"

"எல்லாரையும் முன்னாடி வுட்டுட்டேன்" என்றார் கிளாஸைப் பார்த்துக்கொண்டு. பிறகு அவரே, "கடைசியில அந்தப் படத்துல என்னதான் ஆச்சு?" என்றார்.

சொன்னேன். அவள் ஸ்டேஷனுக்கு ஓடுகிறாள், ரயில் போய்விட்டது. அழுதுகொண்டே திரும்பினால், அவன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். 'ஏன் ஏறவில்லை' என்கிறாள். 'மழை பெய்கிறது, குடை உன்னிடம் இருக்கிறது' என்கிறான். ஸ்டேஷனுக்குள் ஏது மழை? எனக்குத் தெரியாத யார் யாரோ, எந்தக் காலத்திலோ செத்துப்போனவர்கள், அரியலூர் என்று ஒரு ஊர் இருப்பதே தெரியாதவர்கள், எங்கள் ரெண்டு பேருக்காக இதை எடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்கள் எந்த லோகத்தில் இருந்தாலும் மகராசர்களாக இருக்கட்டும். அன்று அந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அந்தக் கதையைச் சொல்லச் சொல்லத்தான் எனக்கு அழுகை வந்தது.

"ஏன் என்ன ஒரு வார்த்தை கேக்கல?" என்றேன். "வடக்க போறதுக்கு அப்புடி என்ன இருக்கு?"

அவர் கிளாஸைப் பெஞ்சில் வைத்தார்.

"பாப்பா போனதுலேர்ந்து நீ என்கிட்ட பேசுறதே இல்ல புள்ள. சண்டையில சொல்லல, சும்மா இருக்கறப்பவே. எல்லாம் பாப்பாகிட்டதான் பேசிப் பழகிட்டோம். அவ இருந்தப்ப, நீ அவகிட்ட பேசுறத நான் பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டாவது இருந்தேன். இப்ப அதுவும் இல்ல. எங்க இருந்தா என்னன்னு தோணிப்போச்சு."

இத்தனை வருடக் குடித்தனத்தில் இந்த மனிதர் என் பேச்சை ஒட்டுக்கேட்டே வாழ்ந்திருக்கிறார். நான் பாப்பாவிடம் சொன்ன கதை, சிரித்த சிரிப்பு, கஸ்டமரைப் பற்றிப் பேசிய வம்பு எல்லாம் அவருக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

"போவாதீங்க" என்றேன். முகத்தைப் பார்த்தே சொன்னேன். "எனக்கு நீங்க வூட்ல இருக்கணும். இனிமே உங்ககிட்டயே பேசுறேன். காது புளிக்கப் பேசுறேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டு கிளாஸைக் கழுவுகிற வாளியையே பார்த்தார். பிறகு, "ஆமா, அந்தத் தொப்பிக்காரன் என்ன ஆனான்?" என்றார். நம் ஊரில் தங்கச்சி முறையாகிற சித்தப்பா மகளையே அவன் கட்டிக்கொண்ட கதையை ஆரம்பித்தேன். அதிலிருந்து தாவி நாத்தனாரிடம் போனேன், வளைகாப்பில் எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொன்னேன், நடுவில் மேல்வீட்டுக்காரி ஜாக்கெட்டைப் பற்றியும் வந்தது. அவர் கேட்டார், சிரித்தார், "அப்புறம்?" என்றார். இன்னொரு டீ சொன்னார்.

அதற்குள் காண்ட்ராக்டர் ஆபீஸ் வாசலுக்கு வந்து நின்றார். "ஏம்ப்பா, உன் ஒருத்தன் முடிவுதான் பாக்கி. வரியா, இல்லியா?" என்று ரோட்டுக்கு இந்தப் பக்கம் கத்தினார்.

என் வீட்டுக்காரர் எழுந்திருக்கக்கூட இல்லை. என்னைப் பார்த்தபடியே கையை மட்டும் தூக்கி, ரோடே கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"இல்லைங்க சார். வூட்ல பேசிக்கிட்டிருக்காங்க. பாதியில வுட்டுட்டு வர முடியாதுங்க."